துத்தம் போடாத பசை

2002 ஒக்டோபர் 9, புதன்

கலண்டர் வேலை தொடங்கிவிட்டது. இனி மார்கழி முடியும்வரை அச்சகத்தில் நிமிர நேரமிருக்காது. இன்று மட்டும் ரபீகாவும் நானும் எண்ணூறு கலண்டருக்கு மேல் விளிம்பில் தகரப் பட்டி அடித்தோம். விரல் நுனியெல்லாம் கீறல்.

வீட்டுக்கு வந்தால் மகள் கோகிலா இருமிக்கொண்டே கணக்குச் செய்கிறாள். இருமல் தொடங்கி இது மூன்றாம் கிழமை. டிஸ்பென்சரி டாக்டர் இரண்டாவது போத்தல் பாணி மருந்து கொடுத்தும் அசையவில்லை. போன வருஷமும் மழை தொடங்கியபோதுதான் வந்தது, தை மாதம் தானாகவே போனது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இருமல் வராதா என்ன?

ஆனாலும் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. வறட்டு இருமல். தம்பிக்கும் இப்படித்தான் — சரி, அது வேண்டாம்.

ஒக்டோபர் 13, ஞாயிறு

தீபாவளிக்குச் சுவருக்குப் பேப்பர் ஒட்டி முடித்தேன். இடுப்பு விட்டுப்போச்சு.

மலையை வெட்டி அதோடு ஒட்டிக் கட்டிய வீடு இது. மழை வந்தால் பின்சுவரில் ஈரம் கசிந்து கறுப்புக் கறுப்பாகப் பூக்கும். வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் பன்வில தோட்டத்து லயத்தில் அம்மா செய்ததையே நானும் செய்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை, பழையதற்கு மேலேயே புதுப் பேப்பர். அம்மா பத்திரிகை ஒட்டுவாள். எனக்கென்ன குறை, அச்சுப் பிழைத்த கலண்டர் தாளையெல்லாம் பளீல் முதலாளி எனக்கே கொடுத்துவிடுகிறார். இந்த வருஷம் தாமரை மேல் லட்சுமி. கோகிலா கட்டிலில் படுத்தபடி எண்ணினாள், நாற்பத்திரண்டு லட்சுமி. அதில் ஒருத்திக்கு மூக்கு கன்னத்தில் இருக்கிறதாம். அதைச் சொல்லிச் சிரித்து, சிரிப்பே இருமலாகிப் போனது.

கோதுமை மாவைக் காய்ச்சினால் பசை. அச்சகத்தில் அதில் மயில்துத்தம் கலப்போம், பூச்சியும் பூஞ்சணமும் வராது. ஆனால் துத்தம் விஷமாயிற்றே. பிள்ளை முகத்தை வைத்துப் படுக்கிற சுவர். வீட்டுக்குக் காய்ச்சும்போது ஒரு சிட்டிகைகூட நான் போடுவதில்லை. "கொஞ்சம் போடுங்க புள்ள, இல்லாட்டி அது கெட்டுப் போகும்" என்றார் முதலாளி. "கெட்டா கெடட்டும் மொதலாளி, எம் புள்ளைக்கு விஷம் வேணாம்" என்றேன்.

ஒக்டோபர் 17, வியாழன்

காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கிட்டப் போய்ப் பார்த்தால் மூச்சுக்கு மூச்சு விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வருகிறது. உடம்பு கொதிக்கிறது. உதட்டில் நிறமே இல்லை. அவள் அப்பா பிலிமத்தலாவைக் கடை வேலைக்குப் புறப்பட்டவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். திரீவீலில் ஏறும்வரை நான் வெறுங்காலோடு நிற்பது எனக்கே தெரியவில்லை.

வார்டில் சேர்த்துவிட்டார்கள். எழுத்து கோணுகிறது.

ஒக்டோபர் 20, ஞாயிறு

காய்ச்சல் இறங்கிவிட்டது. பணிஸ் கேட்டுச் சாப்பிட்டாள். பக்கத்துக் கட்டில் பிள்ளையோடு சிங்களத்தில் சண்டை வேறு.

ஆனால் எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக ஏதோ. "டீபியா என்று பார்க்க வேணும்" என்று டாக்டர் சொன்னதை நர்ஸ் மிஸ்ஸி தமிழில் சொன்னார். கோகிலா அப்பா சும்மா தலையாட்டினார்.

தம்பி லெட்சுமணனுக்கு டீபி வந்தபோது ஏழு வயது. அவன் போனபின் அம்மா அவன் பாயையும் தலையணையையும் வாய்க்கால் ஓரத்தில் வைத்து எரித்தாள். யாராவது கேட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று சொல்லணும் என்றாள். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். அவரிடமும். பத்து வருஷமாக.

ஒக்டோபர் 24, வியாழன்

வீட்டுக்கு விட்டார்கள். கையில் ஊசி போட்டுப் பார்த்தது வீங்கவில்லை, சளியிலும் கிருமி இல்லையாம். மறுபடி வந்தால் நெஞ்சு கிளினிக்குக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். டீபி இல்லையென்றால் பிறகு என்னதான் அது? யாரும் சொல்லவில்லை.

ஒக்டோபர் 26, சனி

மறுபடி காய்ச்சல். நெஞ்சு கிளினிக்கில் டிசம்பருக்குத்தான் திகதி கொடுத்தார்கள்.

நவம்பர் 1, வெள்ளி

அவர் கோயிலில் நூல் மந்திரித்து வாங்கி வந்து கட்டினார். "வீட்டுல ஏதோ சரியில்லம்மா" என்கிறார். "என்னைத் தவிர இந்த வீட்டுல வேற பேய் இல்ல" என்று எரிந்து விழுந்தேன். பாவம் மனுஷன்.

தீபாவளிக்குப் பிள்ளையைத் தெல்தோட்டைக்கு, அவர் அக்கா இரத்தினம்மா வீட்டுக்கு அனுப்புகிறோம். எனக்கு லீவு கிடைக்காது. அந்த லயத்து அறையில் அடுப்புப் புகையும் குளிரும்! இருமல் கூடத்தான் போகிறது. பேக்கில் இரண்டு ஸ்வெட்டர் வைத்தேன்.

நவம்பர் 6, புதன்

தோட்டத்துக் கடைப் போனில் மதினி பேசினார்கள். "இருமலா? ஒங்க மகளுக்கா? மலையில எறங்குறதும் ஏறுறதுமா இருக்கா, பிடிக்க முடியல. நல்லாத்தான் இருக்கா, நீங்க மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க."

போனை வைத்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

நவம்பர் 10, ஞாயிறு

வந்துவிட்டாள். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. பக்கத்திலேயே படுக்க வைத்து, கதை சொல்லி, கட்டிக்கொண்டு தூங்கினேன்.

நவம்பர் 12, செவ்வாய்

இருமுகிறாள்.

நவம்பர் 14, வியாழன்

ஆஸ்பத்திரியில் சுகம். தெல்தோட்டையில் சுகம். என்னிடம் வந்தால் இரண்டே நாளில் காய்ச்சல்.

இதைத் திருப்பித் திருப்பி எழுதிப் பார்க்கிறேன். வேறு எப்படி எழுதினாலும் இதுதான் வருகிறது. காலையில் எழுந்ததும் எனக்கும் ஒரு இருமல் உண்டு, பேப்பர்த் தூசு என்று விட்டிருந்தேன். தூசாவது மண்ணாவது! தம்பியோடு ஒரே பாயில் படுத்தவள் நான். அது இத்தனை வருஷம் என் நெஞ்சுக்குள் படுத்துக் கிடந்து இப்போது என் பிள்ளையைப் பிடிக்கிறது. அவளுக்கு டீபி இல்லை என்றார்களே? இன்னும் முற்றவில்லை, அதனால் தெரியவில்லை. அப்படித்தான் இருக்கும்.

நான்தான். நானேதான்.

நவம்பர் 17, ஞாயிறு

என் தட்டும் கோப்பையும் தனி. நான் அடுப்படியில் படுக்கிறேன். உள்ளறையை முழுக்க அவளுக்கு விட்டு, என் மூச்சு போகாதபடி கதவைச் சாத்திவிடுகிறேன். மழைக் குளிர், ஜன்னலையும் சாத்திவிட்டேன். அவரிடம் எனக்குத் தடிமன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் தலையைக்கூட அவர்தான் சீவிவிடுகிறார், கோணல் மாணலாக.

நவம்பர் 20, புதன்

வேலையால் வந்ததும் ஓடி வந்தாள். "கிட்ட வராத!" என்று கத்திவிட்டேன். அப்படியே நின்றாள். பிறகு கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, இருமலுக்கு நடுவில், "அம்மா, நான் என்னா செஞ்சேன்?"

ஒன்றுமில்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

போன கிழமை யாருக்கும் சொல்லாமல் கொடுத்த என் சளிச் சோதனைக்கு இன்று முடிவு வந்தது. கிருமி இல்லை. எக்ஸ்ரேயும் சுத்தம்.

துள்ளிக் குதிக்க வேண்டியவள் பஸ் நிலையத்தில் குந்திவிட்டேன். நானும் இல்லையென்றால் எதைப் பிடித்து நிறுத்துவது? நாள்தோறும் கதவைச் சாத்தியும் அவளுக்குக் கூடத்தானே செய்கிறது. சோதனையில் பிழை இருக்கலாம். தட்டு தனியாகவே இருக்கட்டும்.

நவம்பர் 30, சனி

பெரியாஸ்பத்திரி. முகத்தில் ஒட்சிசன் மூடி. நகம் நீலம். என்னைப் பார்த்தும் கை நீட்டவில்லை. கடவுளே, எடுக்கணும்னா என்னய எடுத்துக்க.

டிசம்பர் 3, செவ்வாய்

நெஞ்சு கிளினிக்கின் டாக்டரம்மா வார்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், தம்பி, தட்டு, கதவு எல்லாம். இந்தக் கொப்பியிலிருந்து திகதிகளையும் வாசித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"உங்களுக்கு ஒண்டுமில்லை அம்மா. பிள்ளைக்கு வருத்தம் உங்களிட்ட இருந்து வரேல்லை, வீட்டில இருந்து வருது. புறா வளக்கிறியளோ? கோழி?"

இல்லை என்றேன்.

"சுவரில பூஞ்சணம்?"

"இருந்திச்சு. நான் பேப்பர் ஒட்டி மறைச்சிட்டேன் டாக்டர். மூணு வருஷமா ஒட்டுறேன்."

"என்ன பசை?"

"கோதுமை மா. சுத்தமான பசை. மருந்து ஒண்ணும் கலக்கல, புள்ளைக்காக."

பேனையைக் கீழே வைத்தார். பூஞ்சணத்தின் தூள் கண்ணுக்குத் தெரியாதாம், மூச்சோடு உள்ளே போகுமாம். பலருக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்கு நெஞ்சு அதோடு மல்லுக்கட்டி வீங்கிவிடும். இது தொற்று நோயே இல்லையாம். "அதை உரிச்சுப் பாருங்கோ. மூக்கு வாயைத் துணியால கட்டிக்கொண்டு உரியுங்கோ. பிள்ளை அந்த வீட்டுக்கு இனி வரக் கூடாது."

டிசம்பர் 4, புதன்

உரித்தேன்.

ஒரு மூலையைப் பிடித்து இழுத்ததும் லட்சுமி எல்லாம் ஒன்றாகக் கழன்று வந்தது. பின்னால் கறுப்பு. கறுப்புக்குள் பச்சை, மெத்து மெத்தென்று, கை அகலத்துக்கு. போன வருஷத்துத் தாளை உரித்தால் அதற்குப் பின்னாலும். அதற்கு முந்தினதற்குப் பின்னாலும். நாற்றம் துணியைத் தாண்டி மூக்கில் ஏறியது. கூரைப் பக்கம் கொஞ்சம்தான். அவள் தலை வைத்துப் படுக்கிற உயரத்தில்தான் அப்பிக் கிடந்தது.

பசையைத் தின்றிருக்கிறது. என் கையால் காய்ச்சின பசையை. ஒரு சிட்டிகை துத்தம் போட்டிருந்தா இவ்வளவு வந்திருக்குமா? புள்ளைக்கு விஷம் வேணாம்னு சொன்னியேடி. சொல்லிட்டு, அதுகூடவே அவளை உள்ள போட்டு கதவையும் சாத்தினியே. ஜன்னலையும் சாத்தினியே. நாளைக்கு நாள். அவ இரும இரும. அடிப்பாவி.

தட்டை எல்லோருடைய தட்டோடும் வைத்தேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

அவரிடம் தம்பி விஷயத்தைச் சொன்னேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வீடு மாறச் சாமான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னாங்க. நீ சொல்லட்டும்னு இருந்தேன். அந்தக் கயித்த எடு."

டிசம்பர் 22, ஞாயிறு

மஹியாவையில் மாடி அறை. சின்னதுதான். நாலு பக்கமும் வெறும் சீமெந்துச் சுவர், காலையில் வெயில் உள்ளே வரும். ஒன்றும் ஒட்டவில்லை, ஆணிகூட அடிக்கவில்லை.

கோகிலா வார்டிலிருந்து நேரே தெல்தோட்டைக்குப் போய்விட்டாள். மருந்துக் குளிசையைக் குறைத்துக் குறைத்து இன்னும் ஒரு மாதம். வலது பக்கம் கீழே ஒரு சின்ன இடம் தழும்பாகவே இருந்துவிடலாம் என்கிறார் டாக்டரம்மா. ஓடலாம், விளையாடலாம், பழுது வராதாம். தழும்பு என்ற சொல்லை நான் இன்னும் அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லுவேன். இனி மறைக்கிறதில்லை.

முதலாளியிடம் பசைக் கதையைச் சொன்னேன். ரெண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

2003 ஜனவரி 11, சனி

பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள். அத்தை கையை விடாமல் வாசலிலேயே நின்றாள். நான் முட்டி போட்டு இரண்டு கையையும் விரித்தேன். அவள் அத்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கிட்ட வரலாமா?" என்று கேட்டாள்.

ஜனவரி 19, ஞாயிறு

எட்டு நாளாகிறது. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. சாப்பிடும்போது கேட்கிறாள், படுக்கும்போது கேட்கிறாள். "இங்க ஒக்காரலாமா? இந்தப் போர்வையத் தொடலாமா?" பூஞ்சணத்தைப் பற்றி விளக்கிச் சொன்னேன், அம்மாதான் முட்டாள் என்றும் சொன்னேன். நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு மறுபடி கேட்கிறாள். விருந்தாளிப் பிள்ளை போல நடக்கிறாள். நெஞ்சைத்தான் டாக்டரம்மா பார்த்துக்கொண்டார், இதற்கு நான் யாரிடம் போவது?

பெப்ரவரி 5, புதன்

பள்ளிக்கூடம் விட்டு மாடிப் படியில் தடதடவென்று ஓடி வந்தாள். வந்ததும் பையை நிலத்தில் அடித்தாள்.

"கலர்ப் பெட்டி வைக்கச் சொன்னேன்ல? நீங்க வைக்கவே இல்ல! டீச்சர் எழுப்பி விட்டுட்டாங்க, எல்லாரும் சிரிச்சாங்க, ஒங்களுக்கு அந்த அச்சகம்தான் பெருசு, என்னய நெனப்பே இல்ல, அத்தையா இருந்தா மறந்திருக்கவே மாட்டாங்க!"

இவ்வளவும் நிறுத்தாமல். இருபத்திரண்டு படி ஏறி வந்த பிள்ளை. நான் கையில் அகப்பையோடு நின்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாளா என்று இருந்தது. திட்ட ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும், எதுவும் கேட்காமல் நேரே வந்து என் வயிற்றில் முகத்தை முட்டிக்கொண்டு அழுதாள். சேலையெல்லாம் மூக்குச் சளி.

கறி அடிப்பிடித்துவிட்டது. கலர்ப் பெட்டி கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது, எடுத்துப் பையில் வைத்துவிட்டேன்.