செப்டம்பர் டிக்கெட்

தாராவி, மும்பை
ஆகஸ்ட் 10, ஞாயிறு காலை

அன்பு மகள் ஷைஸ்தாவுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளை யாசரும் சஃபீனாக் குட்டியும் அல்லாஹ்வின் கிருபையால் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள். கால்கரியில் இப்போது குளிர் இருக்காது, பிள்ளையைக் காலை வெயிலில் கொஞ்ச நேரம் காட்டு. இங்கே மழை விடவில்லை, சமையல்கட்டு மூலையில் ஒழுகுகிறது, காலித் மேலே தார்ப்பாய் போட்டிருக்கிறான்.

நான் வீட்டுக்கு வந்து இருபத்தைந்து நாளாகிறது. நீ தினமும் போன் செய்கிறாய், நான் எடுப்பதில்லை. வாப்பா தூங்குகிறார்கள், வாப்பா தொழப் போயிருக்கிறார்கள் என்று காலித் சொல்வதெல்லாம் பொய் என்று உனக்குத் தெரியும். எனக்குக் கோபம் என்று நினைத்து நீ அழுவதாக ஃபர்ஸானா சொன்னாள். கோபம் இல்லை மகளே. வேறு என்ன இருக்கிறது என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடையதோ போல இருக்குமே, அப்படி இருக்கிறேன். பேச வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஃபர்ஸானா பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். காலித்துக்கு வாய்த்தவள் பம்பாயிலேயே பிறந்து இந்திப் பள்ளியில் படித்த மருமகள், தமிழ் எழுத்து தெரியாது, அதனால் நான் தைரியமாக எழுதலாம். நீ ஏழாவது வரை முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் படித்தவள், அவசரப்படாமல் வாசி.

கால்கரியில் உன் வீட்டில் நாலு மாசத்துக்கு மேல் இருந்து நான் கிளம்பியபோது, ஷார்ஜாவில் ஜமால் சாச்சா வீட்டில் ரெண்டரை மாசம் இருந்துவிட்டு செப்டம்பர் கடைசியில் பம்பாய் போங்கள் என்று நீதான் டிக்கெட் போட்டாய். தம்பியைப் பார்த்து வருஷமாயிற்று என்று நானும் சந்தோஷமாகத்தான் போனேன். நாலாம் நாளே இருப்புக் கொள்ளவில்லை. காரணம் ஒன்றும் இல்லை, ஜமாலும் அவன் வீட்டுக்காரியும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். நாலரை மாசமாக அடுத்தவர் வீட்டுக் குளியலறையில் குளித்து அலுத்துவிட்டது, அவ்வளவுதான். தேதியை மாற்றிக் கொடு, வீட்டில் சொல்லாதே, திடீரென்று போய் நின்று உன் மதினி முழிக்கிறதைப் பார்க்கிறேன் என்று ஜமாலிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. மறுநாளே மாற்றிக் கொடுத்தான். ஏர்போர்ட்டில் பிடித்த கையை விடவில்லை. 'போங்க காக்கா, நீங்க வீட்லதான் இருக்கணும்' என்றான். அவனுக்கும் தெரியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு போன் போட்டு உங்களையெல்லாம் உஷார் பண்ணியிருக்கலாம், பண்ணவில்லை. நீ அவன்மேல் வருத்தமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம், வருத்தப்படாதே.

புதன்கிழமை காலை ஏழு மணி இருக்கும். 90 அடி ரோட்டில் தண்ணீர் நின்றதால் டாக்சிக்காரன் மேலே வரமாட்டேன் என்று இறக்கிவிட்டான். பெட்டியை இழுத்துக்கொண்டு சந்துக்குள் வந்தேன். கீழே காலித்தின் பை தைக்கும் பட்டறை இன்னும் திறக்கவில்லை. இரும்புப் படி ஏறி என் சாவியால் கதவைத் திறந்தேன். ஜன்னலுக்குக் கீழே ஒரு ஆள் போர்வையைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தட்டில் எதையோ பிசைந்துகொண்டிருந்தார். மொட்டைத் தலை, புருவம் இல்லை. ஊரிலிருந்து வந்த யாரோ பெரியவர், காலித் தங்க வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். ஸலாம் சொன்னேன். வ அலைக்கும் ஸலாம் என்று பதில் வந்தது. அது உன் உம்மாவின் குரல்.

அதற்குப் பிறகு நான் கத்தினேன், மயங்கினேன் என்றெல்லாம் நினைக்காதே. பெட்டியைச் சுவர் ஓரம் வைத்தேன். சட்டை நனைந்திருந்தது, கழற்றிக் கொடியில் போட்டேன். உம்மா முக்காட்டுத் துணியைத் தேடி, கைக்குக் கிடைக்காமல், ரெண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். 'செப்டம்பர்லதானே வாரதாச் சொன்னாவ' என்றாள், என்னிடம் இல்லை, ஃபர்ஸானாவைப் பார்த்து. நான் சாயா கேட்டேன். குடித்தேன். சீனி கூடிவிட்டது என்று சொன்னேன். பிறகுதான் ஃபர்ஸானா இந்தியும் தமிழுமாக எல்லாவற்றையும் சொன்னாள். பிப்ரவரியில் உம்மா மார்பில் கட்டியைக் கண்டது, பரேல் ஆஸ்பத்திரியில் கேன்சர் என்று சொன்னது, ரெண்டு பேருக்கும் கனடா விசா வந்திருந்தும் கால்வலி, நீங்க முன்னால போங்க, நான் மே மாசம் வாரேன் என்று என்னை மட்டும் ஏற்றிவிட்டது, மே மாசமும் அதே கால்வலியைச் சொல்லி வராமலிருந்தது, எட்டு கீமோ ஊசியில் ஆறு முடிந்திருந்தது. தினமும் வீடியோவில் பார்த்தேனே என்று யோசித்தேன். முகம் ஊதியிருக்கிறதே என்று ஒருநாள் கேட்டதற்குக் கேமரா சரியில்லை என்றாள். அதோடு விட்டுவிட்டு என் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாப்பாவுக்கு பைபாஸ் பண்ணின நெஞ்சு, தாங்காது, அதனால்தான் மறைத்தோம் என்று காலித் சொன்னான், நீயும் அதையே மெசேஜில் எழுதியிருந்தாய். நானும் நாலு நாள் நம்பினேன். அப்படி நம்புவது எனக்கு ஒரு மரியாதை போலக்கூட இருந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் உம்மாவிடமே கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'உங்க நெஞ்சுக்காவ இல்ல. உங்க நெஞ்சு நல்லாத்தான் இருக்கு, டாக்டர்ட்ட நான் கேட்டுட்டேன். நீங்க பக்கத்துல இருந்தா நான் உங்களத்தான் பாக்கணும். பயம் வந்தா நீங்க சாப்பாட்ட விட்ருவிய, பேசமாட்டிய, கதவ அடைச்சுட்டுப் படுத்துக்கிடுவிய. நான் வாந்தியும் எடுத்துக்கிட்டு உங்களயும் தாங்கணும். அவ்ளோ தெம்பு எனக்கு இல்ல. ஒரு தடவயாவது என் சீக்க மட்டும் நான் பாத்துக்கிடுதேனேன்னு நெனச்சேன்' என்றாள். பிறகு, 'ஷைஸ்தாவ வையாதிய, அவ மூணு நாளு மாட்டேன்னுதான் அழுதா, நாந்தான் சத்தியம் வாங்குனேன்' என்றாள்.

நான் கீழே இறங்கி நடந்தேன். கிங்ஸ் சர்க்கிள் வரை நடந்து, பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பி நடந்தேன். அழுகையாவது வரும் என்று பார்த்தேன், வரவில்லை. ரெண்டு வருஷம் முன்னால் நெஞ்சைப் பிளந்துகொண்டு நான் கிடந்த நாள்களெல்லாம் ஞாபகம் வந்தன. கஞ்சி ஆறிப்போச்சு என்று தட்டைத் தள்ளினேன். மூன்று நாள் அவளோடு பேசாமல் இருந்தேன், எதற்கு என்று எனக்கே தெரியாது. அப்போது அவள் தூங்கினாளா, சாப்பிட்டாளா என்று நான் கேட்டதாக ஞாபகமே இல்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து கதவை அடைத்துப் படுக்கவில்லை. உம்மா பார்க்கும்படி உட்கார்ந்து ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை, ஆனாலும் சாப்பிட்டேன். அன்றிலிருந்து மூணு வேளையும் அப்படித்தான். இப்போதைக்கு அவளுக்கு நான் செய்ய முடிவது அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

ஏழாவது ஊசிக்கு நான்தான் கூடப் போனேன். அவளை உள்ளே கூட்டிப்போனதும் அஞ்சு மணி நேரம் பெஞ்சில் இருந்தேன். பக்கத்தில் கோலாப்பூர்க்காரர் ஒருவர், அவர் மனைவிக்கும் இதேதான். எத்தனாவது தடவை என்று இந்தியில் கேட்டார். ஏழாவது என்றேன், எனக்கு முதல் தடவை என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் உம்மாவுக்கு வாந்தி. நான் வாளியைத் தேடுவதற்குள் ஃபர்ஸானா கொண்டுவந்து வைத்துவிட்டாள், அவளுக்கு எல்லாம் பழகியிருக்கிறது. நீ அவளைத் தனியாகக் கூப்பிட்டு நாலு நல்ல வார்த்தை சொல்லு. அஞ்சு மாசமும் பிடித்து உட்காரவைத்தது, துடைத்தது எல்லாம் அவள்தான், அதிகம் பேசவும் மாட்டாள். காலித்துக்குப் பட்டறையில் ஆபீஸ் பைகளுக்கு நல்ல ஆர்டர் வந்திருக்கிறது, ஆனால் மெலிந்துவிட்டான். தாராவியை இடித்துக் கட்டப்போகும் திட்டத்துச் சர்வேக்காரர்கள் வந்து நம் கதவில் நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள், அது எப்போது என்னவாகும் என்று யாருக்கும் தெரியவில்லை, நான் யோசிக்கவும் இல்லை. சஃபீனாவுக்குக் காதில் எண்ணெய் விடாதே, யார் சொன்னாலும் விடாதே.

இனி முக்கியமான விஷயம். வியாழக்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள். மார்பில் இருந்த கட்டி பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது, அது நல்ல செய்தி. ஈரலில் புதிதாகச் சின்னதாக ஒன்று தெரிகிறது. அது என்ன என்று பார்க்க ஊசி விட்டுச் சதை எடுத்திருக்கிறார்கள், வருகிற புதன்கிழமை முடிவு தெரியும், அதைப் பார்த்துத்தான் ஆபரேஷன் பற்றிச் சொல்வார்களாம். டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் உம்மா, 'ஷைஸ்தாட்ட ஈரல் வெசயத்தச் சொல்லாதிய, பச்சப்புள்ளக்காரி, முடிவு வரட்டும்' என்றாள். நான் சரி என்றேன். மூணு நாள் சொல்லாமலும் இருந்துவிட்டேன். அது எவ்வளவு சுலபமாக இருக்கிறது தெரியுமா மகளே. சும்மா இருந்தாலே போதும். நீ அங்கே குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு மணிக்கணக்காக இருப்பாயே, பிள்ளையின் துணி அலசுகிறாய் என்று நான் ஹாலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். நீ உள்ளே உம்மாவோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாய் என்று நேற்றுத்தான் எனக்குப் புரிந்தது. வெளியே வரும்போது உன் கண் சிவந்திருக்கும். சோப்பு என்று சொன்னாய் ஒருநாள்.

இன்று விடியக்காலை ஃபஜர் தொழுதுவிட்டு வந்து உம்மாவிடம் சொன்னேன், ஷைஸ்தாவுக்கு எழுதப்போகிறேன், ஈரல் விஷயத்தையும் எழுதுவேன் என்று. சண்டை போடுவாள் என்று நினைத்தேன். தம்ளரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, 'அப்படின்னா அவள வரச் சொல்லுங்க' என்றாள். நான் பேனாவை எடுக்க எழுந்தபோது, 'புள்ளையையும் தூக்கிட்டு வரச் சொல்லுங்க, நான் இன்னும் அத மடியில வச்சுப் பாக்கல' என்றாள். பிப்ரவரியிலிருந்து அவள் யாரையும் வா என்று கூப்பிட்டதில்லை ஷைஸ்தா. என்னைக்கூடக் கூப்பிடவில்லை, நான் தானாக வந்தவன். உன்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

அதனால் வா. புதன்கிழமை முடிவுக்காகக் காத்திருக்காதே, அது எப்படி வந்தாலும் வா. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் அவர் பிறகு வரட்டும், என் ஸலாமைச் சொல்லு, அவர் என்னைப் பார்த்துக்கொண்டதை மறக்கவில்லை. பிள்ளையின் பாஸ்போர்ட்டையும் தடுப்பூசிச் சீட்டையும் கைப்பையில் வை, பெட்டிக்குள் போட்டுவிடாதே. டிக்கெட் போட்டதும் எந்த நேரமானாலும் என் நம்பருக்கே போன் செய், நான் எடுக்கிறேன். உங்கள் மூவரையும் அல்லாஹ் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பானாக, ஆமீன்.

துஆவுடன்,
உன் வாப்பா
சிராஜ்