அப்பா தேர்ந்தெடுக்காமல் விட்ட ரிசீவர்

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும், கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் மாமாவிடம். இது என் அப்பாவுக்கு எழுதுவது. அவர் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

என் செல்ல அப்பாவுக்கு,

வேதியியல் புத்தகத்தைத் திறந்து அதன் மேல் இந்தத் தாளை வைத்து எழுதுகிறேன். யாராவது வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடலாம். ஹாலில் சேகர் மாமா படுத்திருக்கிறார். அம்மா சமையலறையில். நீ போனதிலிருந்து அவள் அங்கேதான் பாய் போட்டுக்கொள்கிறாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் களைப்பு, அப்பா. எனக்கும்தான். பள்ளிக்கூடம் போகிறேன், வருகிறேன், சாப்பிடுகிறேன். அவ்வளவுதான் நடக்கிறது.

உனக்குத் தெரியாத செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். உன் வேலைக்காகக் கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேப்பம்பட்டில் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறோம். ரயில் சத்தம் கேட்கும், தண்ணீர் நன்றாக இருக்குமாம். உன் பழைய ஆம்ப்ளிஃபயர் செத்துவிட்டது. ஒரு நாள் நான் சுவிட்சைப் போட்டேன், லேசாகக் கருகிய வாசனை வந்தது, அவ்வளவுதான். ரிப்பேர் செய்பவர் திறந்து பார்த்துவிட்டு, அந்த உதிரிபாகம் இப்போது எங்கேயும் கிடைக்காது என்று மூடிக் கொடுத்துவிட்டார். உன் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஊமையாக நிற்கின்றன.

நீயே புதிதாக ஒன்று வாங்கத்தானே அலைந்தாய்? டிவி சத்தத்தையும் வாங்க வேண்டும், பாட்டையும் ஒழுங்காகப் பாட வேண்டும், உன் பெட்டிகளையும் தாங்க வேண்டும். அப்படி ஒரு ரிசீவர். ஞாயிற்றுக்கிழமையானால் அம்பத்தூர் கடைகளுக்குப் போவாய், வெறுங்கையோடு திரும்புவாய். அம்மா வாசலிலேயே பிடித்துக்கொள்வாள். "வந்துட்டாருடி மாப்ள! போன எடத்துல பஜ்ஜி சொஜ்ஜி துன்னுட்டு, ஊட்டுக்குப் போய் சொல்லியனுப்புறோம்னு வந்துட்டாரு!" நீ சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றுவாய். "படத்துக்கு நல்லாக்கீது, பாட்டுக்கு நல்லால்ல" என்பாய். கடைசி வரை நீ எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. எதை எடுத்திருப்பாய், அப்பா? ஒரு பெயராவது சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

இப்போது சேகர் மாமா முடிவு செய்கிறார். புது வீட்டுக்கு ஒரு ஹோம் தியேட்டர் செட். ரிசீவரும் சின்னச் சின்ன ஸ்பீக்கர்களும் ஒரே அட்டைப் பெட்டியில் வருமாம். பழைய ஸ்பீக்கர்களைக் கடையிலேயே எடுத்துக்கொள்வார்களாம். மாமா கெட்டவர் இல்லை. உன் பென்ஷன் பேப்பருக்கு மாங்காட்டிலிருந்து வந்து ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர் அவர்தான். அதனால்தான் அவரிடம் எதையும் மறுத்துச் சொல்லப் பயமாக இருக்கிறது. அவர் குரலை உயர்த்தினால் அம்மா உடனே சுருங்கிப் போகிறாள். நானும்.

இன்று மதியம் மூவரும் கடைக்குப் போனோம். உள்ளே கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை, மெத்தென்ற சோபா. அம்மா அந்த அறைக்குள் வரவில்லை. வெளியே வாஷிங் மெஷின்களுக்கு நடுவே கிடந்த ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

கடை அண்ணன் செட்டுக்குரிய ரிசீவரில் ஒரு சண்டைக் காட்சியைப் போட்டார். சோபாவே அதிர்ந்தது. மாமா துள்ளிக் குதித்தார். "யப்பா! கார் என் தலமேலயே வுழுந்துச்சு மாமே! இதான்யா சவுண்டு!"

நான் மெதுவாகக் கேட்டேன். "அண்ணா, ஒரு பாட்டு போடுவீங்களா? அங்க நிக்கிற பெரிய ஸ்பீக்கர் ரெண்டுல மட்டும். சத்தத்த கொறச்சு."

"கொறச்சா?" அவர் சிரித்தார். "இன்னா பாப்பா, ஓட்டல்ல பிரியாணி ஆர்டர் பண்ணிட்டு கஞ்சி கேக்குற?"

உனக்குப் புரியும். குவார்ட்டர்ஸில் வளராதவர்களுக்கு இது புரியாது. பக்கத்து வீட்டு வாசலில் பட்டப்பகலில் சைக்கிள் நின்றால் அந்த வீட்டு மனிதர் நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்குகிறார் என்று அர்த்தம். ஒரே சுவர்தானே நடுவில். சைக்கிளை எட்டிப் பார்க்காமல் நீ ஆம்ப்ளிஃபயரைத் தொட்டதே இல்லை. உன் ஆயுசு முழுக்கப் பாட்டை மெதுவாகத்தான் கேட்டாய். அத்தனை மெதுவாக வைத்தாலும் தபேலாவின் அடிச்சத்தமும் பாடுகிறவர் மூச்சு இழுப்பதும் காணாமல் போகக் கூடாது. உனக்கு வேண்டியது அதுதான். கடையிலோ எல்லாவற்றையும் அலறவிட்டுத்தான் காட்டுகிறார்கள். அலறும்போது எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது.

எப்போதும் நீ முதலில் போடும், புல்லாங்குழலில் தொடங்கும் பாட்டைப் போடச் சொன்னேன். முதலில் குரல் முன்னாலும் பின்னாலும் சுற்றிச் சுற்றி வந்தது. "இந்த எஃபெக்ட் எதுவும் வேணாம்ணா" என்றேன். அவர் அலுத்துக்கொண்டே அணைத்தார். கேட்டேன். பிறகு, மூலையில் இருந்த வேறொரு ரிசீவருக்கு ஸ்பீக்கர் ஒயரை மாற்றச் சொன்னேன். அது தனியாக விற்பது. அதில் கொஞ்சம் ஸ்பீக்கர்களைத்தான் மாட்ட முடியும், ஆனால் நல்ல கனம், தூக்கும்போது அவருக்கே முனகல் வந்தது. அதே பாட்டு, அதே மெதுவான சத்தம்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், அப்பா. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை.

இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். உன் காலடியில் உட்கார்ந்து அத்தனை வருடம் கேட்டேனே, அந்தச் சத்தம் எனக்கு மறந்துவிட்டது. உன் இருமல் நினைவிருக்கிறது. நீ சாவியைத் தேடும்போது முணுமுணுப்பது நினைவிருக்கிறது. அந்தப் பெட்டிகள் பாடியது மட்டும் நினைவில் இல்லை. இவ்வளவு சீக்கிரமாகவா மறந்துவிடும்? அடுத்து எது போகும்?

அந்த நேரத்தில் யாரோ டீ கொண்டுவந்தார்கள். கண்ணாடிக் கதவு பாதி திறந்தது. அவர் திரும்பிப் போகும்போது வெளியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"கதவ சாத்தாதீங்க."

ஸ்டூலை விட்டு எழுந்து, இரண்டு வாஷிங் மெஷின்களுக்கு நடுவே சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். உள்ளே பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடியும் வரை அப்படியே நின்றாள். பிறகு சொன்னாள், "இதான். இதான் நம்மூட்டு சத்தம். மொதல்ல போட்டது வேற யாரூட்டோ சத்தம்."

மாமா சிரித்துவிட்டார். "யக்கா, நீ உள்ளயே வரல. வெளிய நின்னுகினு இன்னாத்த கேட்ட?"

"நான் எப்படா உள்ள ஒக்காந்து கேட்டேன்?"

கடை அண்ணன் டீ டம்ளரை வாயில் வைத்தவர் அப்படியே நின்றார். எனக்கு மட்டும் முகத்தில் அறைந்தது போல இருந்தது. நாம் இரண்டு பேரும் ஹாலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தபோதெல்லாம் அவள் சமையலறையில்தானே இருந்தாள், அப்பா? குக்கர் சத்தத்துக்கும் தாளிப்புக்கும் நடுவில், சுவருக்கு அந்தப் பக்கம். ஒரு தடவையாவது அவளை வந்து உட்காரச் சொன்னோமா? அவளுக்குப் பாட்டு பிடிக்காது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீயும் அப்படித்தான் நினைத்தாயா? நாம் தொலைத்துவிட்டோம் என்று நான் பயந்தது அவள் காதில் பத்திரமாக இருக்கிறது.

ஆனால் மாமா செட்டைத்தான் எடுத்தார். "யக்கா, பாட்டு கேட்டா நீ அழுவ. படம் பாரு, மனசு மாறும். நான் சொல்றேன்ல?" அவர் குரல் உயர்ந்தது, கடையில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "சரிடா சேகரு, உன் இஷ்டம்" என்றாள். ஷேர் ஆட்டோவில் ஆவடிக் குவார்ட்டர்ஸ் வரும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கடையில் பேசியிருக்க வேண்டியவள் நான்தான்.

காலையில் கடை வண்டி வரும். புது செட்டை இறக்கிவிட்டு உன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய்விடும்.

எல்லோரும் படுத்த பிறகு ஒரு காரியம் செய்தேன். வலது பெட்டிக்கு அடியில் பழைய போர்வையைச் செருகி, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இந்த அறைக்குள் கொண்டுவந்து கதவைத் தாழ் போட்டுவிட்டேன். இப்போது அதில் சாய்ந்துகொண்டுதான் எழுதுகிறேன். இடது பெட்டி மாமாவின் தலைமாட்டில் இருக்கிறது. அதை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒற்றைப் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விடிந்ததும் மாமா பார்ப்பார். கதவை இடிப்பார். "இவ்ளோ செஞ்சவன்டி நானு" என்பார். அவர் செய்ததெல்லாம் உண்மைதானே.

இருந்தாலும் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். காலையில் வண்டி வந்ததும் நான்தான் வாசலுக்குப் போவேன். பெட்டிகள் வராது, செட்டைத் திருப்பி எடுத்துப் போங்கள், அம்மா சொன்ன ரிசீவரைக் கொண்டுவாருங்கள் என்று என் வாயால் சொல்வேன். குரல் நடுங்கும். நடுங்கினாலும் சொல்வேன். வேப்பம்பட்டு வீட்டில் அந்தப் பெட்டிகள் பாடும்போது அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நடுவில் உட்கார வைப்பேன். நான் சமையலறையில் நின்று கேட்கிறேன். எனக்கு அது போதும்.

இப்படிக்கு,
அம்மாவின் காதை நம்பிக்கொண்டிருக்கும்
உன் ஒரே மகள் மோனிஷா

அப்பா, கதவைத் தட்டுகிறார்கள். மெதுவாகத்தான் தட்டுகிறார்கள். விளக்கை அணைக்கவா?

அம்மா. "ஏய், தொறடி சீக்கிரம். இன்னொரு பொட்டிய தூக்கியாந்துட்டேன், கை உட்டுப்போவுது" என்கிறாள். நான்