பூங்குழலியின் மத்தியானச் சாப்பாடு

கண்ணு ராதிகா,

இன்னிக்கு மத்தியானம் உன் மகள் பூங்குழலி நாலாயிரம் பேர் முன்னால் தன் கையாலேயே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடப் போகிறாள். கொல்லிமலையே எழுந்து நின்று கைதட்டும், பார்.

நீ நம்ப மாட்டாய். "சர்க்கரை வந்து ஒரு வருசமாச்சு, வெளியில ஒரு வாய் சாப்பிட்டிருக்காளா? அங்க மயங்கி விழுந்தா என்னங்கப்பா பண்ணுவீங்க?" என்று நேற்று நீ போட்ட சத்தத்தில் மரத்துப் பலாக்காயெல்லாம் பழுத்துவிட்டது. அதான் சொல்லாமல் கிளம்புகிறோம்.

சோளக்காடு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இவளைப் போலச் சர்க்கரை உள்ள பிள்ளைகள் கூடுகிறார்கள். கடைசிப் பிள்ளையும் ஊசி போட்ட பிறகுதான் யார் கையும் சோற்றில் படலாம், அது அவர்கள் சட்டம்.

குளிர்ச்சிக்காக மண்பானைக்குள் வைத்திருந்த இன்சுலினைத் தேடாதே, எடுத்துக்கொண்டோம். குளுக்கோஸ் என் சட்டைப்பையில். உனக்குச் சாமைச் சோறும் ரசமும் அடுப்பு மேல்.

அவள் ஏழாவது தடவையாகத் தலை சீவுகிறாள். பஸ் ஹாரன் கேட்கிறது.

அப்பா

எனக்குப் பயமே இல்லை. கொஞ்சம்தான்.

(அடியில், ராதிகாவின் கையெழுத்தில்)

அப்பா, சண்டை போடத்தான் அடுத்த பஸ்ஸுல வந்தேனுங்க. ஜன்னலோரம் நின்னு பார்த்தேன். இருபத்திரண்டு பேருதான் இருந்தாங்க. பக்கத்துப் புள்ளைகிட்ட ஏதோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டே ஊசி போட்டா. ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. என்னைப் பார்த்தா நிறுத்திருவாளோன்னு உள்ள வராமத் திரும்பிட்டேன். நீங்க சொன்னபடி நடந்தது நெசந்தானுங்கப்பா.