வீட்டுப்பாடத்தை நான் ஒழித்த விதம்

ஜூலை 8, செவ்வாய்

முக்காலை அரையால் வகுத்தால் என்ன வரும்?

நாற்பத்தோரு வயதில் இந்தக் கேள்விக்கு எதிரே உட்காருவேன் என்று யாரும் என்னை எச்சரிக்கவில்லை. மகள் கமீய் ஐந்தாம் வகுப்புக்குப் போனதிலிருந்து தினமும் மாலை ஐந்து மணிக்கு எனக்கும் பள்ளிக்கூடம். என் மனைவி மெரினுக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அவள் சேதராப்பட்டில் மருந்துக் கம்பெனி வேலை முடிந்து வீடு சேர எட்டாகிவிடும். வீட்டிலேயே உட்கார்ந்து பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்களின் சான்றிதழ்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்கும் கிளமான் ஆகிய நான்தான் சாயங்கால வாத்தியார்.

"அப்பா, வகுத்தா சின்னதாத்தானே ஆகணும்?"

"பின்ன? அரையால வகுத்தா இன்னும் பாதியாக் குறையும். எட்டுல மூணு. எழுது."

எழுதினாள். அதே முறையில் மற்ற எல்லாக் கணக்குகளையும் போட்டு முடித்தோம். சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று இருவருக்கும் காபி, பால். எனக்குள் ஒரு வாத்தியார் ஒளிந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 9, புதன்

ஒளிந்தே இருந்திருக்கலாம். எல்லாம் தப்பு.

கார்குழலி மிஸ் கேட்டதும் இவள் எழுந்து நின்று, "எங்க அப்பா சொல்லிக் குடுத்தாரு மிஸ்" என்றிருக்கிறாள். மிஸ் அடியில் எழுதி அனுப்பியிருக்கிறார்: "தயவுசெய்து குழந்தையைத் தானாகச் செய்ய விடவும்." தயவுசெய்து என்பதன் கீழ் கோடு.

மெரின் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. கமீய்தான் எனக்காகப் பரிந்து பேசினாள். "பாவம்மா. அப்பாவுக்கு பிரெஞ்சு நல்லா வரும்."

ஜூலை 12, சனி

ஒரு கொள்கை பிறந்திருக்கிறது. பள்ளிக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது.

காலை ஏழரைக்கு வேனில் ஏறுகிற பிள்ளை நாலரைக்கு இறங்குகிறது. அதற்கு மேலும் வேலை என்றால் அது எந்த ஊர் நியாயம்? பெரியவர்களுக்கு அப்படிக் கொடுத்தால் சங்கம் வைத்துக் கொடி பிடிப்பார்கள். பாதி வீடுகளில் எழுதுவதே அம்மாக்கள்தான். இதெல்லாம் உண்மை. சத்தியமாக உண்மை. ஆனால் இந்த உண்மை ஏன் எனக்குப் புதன்கிழமை வரை தோன்றவில்லை என்று இந்தப் பக்கத்தில் நான் கேட்கப்போவதில்லை.

அண்ணனுக்குப் போன் போட்டேன். ஜெரார் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து பிரான்சிலேயே தங்கிவிட்டவர். "இங்க சின்னக் கிளாசுல எழுத்து வேலை வீட்டுக்குக் குடுக்கக்கூடாதுன்னு அந்தக் காலத்துலயே உத்தரவு போட்டுட்டான்டா" என்றார்.

உத்தரவு! பிரான்சில்! துள்ளிக் குதித்தேன் என்று எழுதினால் மிகை. எழுந்து நின்றேன்.

ஜூலை 14, திங்கள்

பிரெஞ்சு தேசிய தினம். எனக்கு வேலை கொடுக்கும் பெரியவர்கள் எல்லாரும் பதக்கத்தைக் குத்திக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார்கள். நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால் பேசிப் பழகினேன். கை எங்கே வைப்பது என்பதுதான் பிடிபடவில்லை.

ஜூலை 19, சனி

பெற்றோர் கூட்டம். பேசிவிட்டேன்!

பள்ளிக்கூட ஹாலில் நிற்க இடமில்லை. "பிரான்சில் சட்டமே இருக்கிறது" என்றேன் (உத்தரவு சட்டமாகிவிட்டது, ஒரு வேகத்தில்). "நம் பிள்ளைகளின் சாயங்காலத்தை நாம் திருடிக்கொண்டிருக்கிறோம்" என்றேன். கைதட்டல். முன்வரிசையில் ஒருவர் விசில்கூட அடித்தார். தலைமை ஆசிரியை மதர் சட்டென்று யோசித்து, நாலு, ஐந்தாம் வகுப்புகளுக்கு ஆகஸ்டிலிருந்து காலாண்டுத் தேர்வு வரை வீட்டுப்பாடம் கிடையாது, சோதித்துப் பார்ப்போம் என்றார்.

ஒரே ஒரு அம்மா எழுந்தார். கம்பெனி சீருடையிலேயே வந்திருந்தார். பெயர் துர்காவாம், கமீய் வகுப்பில் படிக்கும் இலக்கியாவின் அம்மா.

"அப்ப சாயந்தரம் புள்ளைங்க என்னா சார் பண்ணும்?"

"குழந்தையா இருக்கட்டும்மா" என்றேன். மறுபடி கைதட்டல். அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்தபோது நிறையப் பேர் கை கொடுத்தார்கள். கார்குழலி மிஸ்ஸும் வந்தார். "நல்லாப் பேசுனீங்க சார்" என்றார். அந்தச் சிரிப்பில் எட்டில் மூன்று இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

மெரின் பூசையிலிருந்து வரும் வழியில் கேட்டாள். "கணக்கு வரலன்னு சொல்லியிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேன். அதுக்காக ஒரு ஸ்கூலையேவா மாத்துவீங்க?"

நடையை எட்டிப் போட்டேன். பூசை முடிந்ததும் சண்டை போடக்கூடாது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

விடுதலை முதல் நாள். கமீயைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். சுண்டல், ஐஸ், பலூன் சுடுதல். "தினமும் இப்படியாப்பா?" என்றாள். தினமும்தான் என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

தினமும் முடியவில்லை. எனக்கு வேலை இருக்கிறது. அவளுக்கு இல்லை. இதுதான் சிக்கல்.

"போரடிக்குதுப்பா." நாலே முக்காலுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று, ஐந்தேகாலுக்கு ஒன்று. நடுவில் காரைக்கால் பெரியவர் ஒருவரின் பிறப்புச் சான்றிதழை முடித்து அனுப்பினேன். தாயார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "கமீய், சும்மா இரு" என்று அடித்திருக்கிறேன். நல்லவேளை, அந்த வரியைத் தமிழிலேயே அடித்ததால் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

போனை அவள் கையில் கொடுத்துவிட்டேன். வீடு அமைதியானது.

ஆகஸ்ட் 7, வியாழன்

போன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

போன். குழந்தையாகத்தான் இருக்கிறாள், குனிந்தபடி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அண்ணன் வீடியோவில் வந்தார். பின்னால் அவர் மகள் மனோன் மேசையில் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே பண்றா? அங்க இப்ப லீவாச்சே?"

"லீவு புக்குடா. கணக்கு, எழுத்து எல்லாம் இருக்கும். கடையில விக்கிறான், வாங்கிக் குடுத்தேன்."

"அந்த உத்தரவு?"

"உத்தரவு இருக்கு. யாரு கேக்குறா?"

மனோன் தலையைத் திருப்பி, "ஸ்கூல் இருக்கறப்பவும் குடுப்பாங்க சித்தப்பா" என்றாள்.

அப்படியானால் வீட்டுப்பாடத்தைத் தடை செய்த நாட்டில் பள்ளிக்கூடமும் கொடுக்கிறது, போதாததற்குப் பெற்றோரும் கடைக்குப் போய் வாங்கிவருகிறார்கள். நான் ஹால் நிறைந்த கூட்டத்தில் சட்டம் என்று சொல்லியிருக்கிறேன். இணைப்பு சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இதை எழுதாமல் இன்றைக்குத் தூங்க முடியாது.

ஐந்தே முக்காலுக்குப் பெற்றோர் குழுவில் ஒரு செய்தி. இலக்கியாவைக் காணோம். கருவடிக்குப்பத்தில் அவர்கள் குடியிருப்பது மாடி அறை. வேன் இறக்கிவிட்டதும் பிள்ளையே சாவி போட்டுத் திறந்து உள்ளே இருக்கும். அம்மா ஏழரைக்கு வருவார். கீழ்வீட்டுக்காரர் பார்த்தபோது அறை பூட்டியிருந்தது. சைக்கிளும் இல்லை.

கமீயிடம் கேட்டேன். போனிலிருந்து நிமிர்ந்தாள். "அவங்க அம்மாவைப் பாக்கப் போறேன்னு சொன்னாளேப்பா."

"எங்க?"

"சேதராப்பட்டு கம்பெனிக்கு."

சேதராப்பட்டுக்கு! சைக்கிளில்! பத்து வயசு! லாரி போகிற ரோடு அது, கடவுளே—

கமீயை எதிர்வீட்டில் விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். கோரிமேடு தாண்டும் வரை என்ன செபம் சொன்னேன் என்று தெரியவில்லை. பாதி பிரெஞ்சில் சொன்னேன் என்று நினைக்கிறேன். எதிரே வந்த ஒவ்வொரு சைக்கிளையும் பார்த்தேன். ஒவ்வொரு லாரியையும் பார்த்தேன். "குழந்தையா இருக்கட்டும்மா." என் குரல்தான். எவ்வளவு அழகாகச் சொன்னேன் அதை!

மொரட்டாண்டி டோல்கேட்டுக்கு முன்னால் ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், பள்ளிச் சீருடையில். சங்கிலி கழன்ற சைக்கிள் பக்கத்தில். கடைக்கார அம்மா பன் வாங்கிக் கொடுத்து, போகவிடாமல் பிடித்து வைத்திருந்தார். அந்த அம்மா காலில் விழுந்திருப்பேன், பக்கத்தில் ஆள் இருந்தது.

திட்டவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "ஏம்மா இப்படிப் பண்ண?" என்றுதான் வந்தது.

"முன்னெல்லாம் எழுதுவேன் அங்கிள். எழுதி முடிச்சா அம்மா வந்துடுவாங்க. இப்ப நேரமே போவல."

குழுவில் இடத்தைச் சொன்னதும் துர்கா கம்பெனி பஸ்சுக்குக் காத்திருக்காமல் யாருடைய வண்டியிலோ ஏறி வந்து சேர்ந்தார். மகளை அடிக்கவில்லை. முடியை மட்டும் ஒதுக்கி ஒதுக்கி விட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கே கேட்டனே சார்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆகஸ்ட் 20, புதன்

"அந்தப் பொண்ணு சாயங்காலம் நம்ம வீட்டுக்கு வரட்டும்" என்றேன். மெரினே துர்காவிடம் பேசினாள். நான் பேசினால் பேச்சுப்போட்டி ஆகிவிடுமாம். துர்கா முதலில் தயங்கினார். யார் வீடு, யார் இருப்பார்கள், கேட்கத்தானே வேண்டும். மெரின் தன் கம்பெனியைச் சொன்னதும், "ரெண்டாவது கேட் எதிர்ல இருக்கறதா?" என்று பேச்சு வேறு பக்கம் போய், இருவரும் கான்டீன் சாம்பாரைத் திட்டி முடித்தபோது சம்மதம் கிடைத்திருந்தது.

ஆகஸ்ட் 28, வியாழன்

வீட்டில் இரண்டு பெண்கள். போனைத் தொடவில்லை. பள்ளிக்கூடம் விளையாடுகிறார்கள். நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டு வந்து பள்ளிக்கூடம் விளையாடுகிறார்கள்! என் கொள்கையை அந்த இடத்திலேயே புதைத்திருக்கலாம்.

மாணவன் நான். இலக்கியா கண்டிப்பான மிஸ். ரொட்டிக்காரர் கொண்டுவந்த நீள ரொட்டியில் கால்வாசியை வெட்டி ஓரம் வைத்தாள்.

"மீதி எவ்ளோ?"

"முக்கால், மிஸ்."

"இதுல எத்தினி அரை ரொட்டி இருக்குது?"

ஒரு அரை இருந்தது. அப்புறம் ஒரு அரையில் பாதி.

ஒன்றரை! வகுத்தால் பெரிதாகிறது! ஒரு ஆளுக்கு அரை என்று கொடுத்தால் எத்தனை பேர் சாப்பிடலாம் என்பதுதான் கேள்வியா? இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே. சொல்லியிருப்பார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

கமீய் கைதட்டினாள். ஹாலில் வாங்கிய கைதட்டலைவிட இது பரவாயில்லை.

செப்டம்பர் 13, சனி

சோதனைக்கு முடிவு சொல்லும் கூட்டம். மதர் என்னைத்தான் முதலில் பேசச் சொன்னார். கை எங்கே வைப்பது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"பிரான்ஸ்ல சட்டம்னு சொன்னேன். அங்கேயே யாரும் கேக்குறதில்லையாம். இன்னொண்ணு, எனக்குக் கணக்கு வராது. அதான் ஆரம்பிச்சேன்." ஹாலே சிரித்தது. போன தடவை விசில் அடித்தவர் இந்தத் தடவை இன்னும் பலமாகச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் சொல்ல வந்ததைச் சொன்னேன். வீட்டுப்பாடம் அளவாக இருக்கட்டும். பெரியவர்கள் எழுதித் தரும்படி இருக்க வேண்டாம். வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைகள் ஆறரை வரை பள்ளியிலேயே இருக்க ஓர் அறை திறந்து வையுங்கள்.

கார்குழலி மிஸ் எழுந்தார். "யாரு சார் இருப்பா? எனக்கும் வீட்ல ரெண்டு பசங்க. அவங்களும் தனியாத்தான் இருக்காங்க."

இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. மிஸ்களுக்கு வீடு இருக்கும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நம்பாது. நானும் நம்பவில்லை போலிருக்கிறது.

"அவங்களும் வரட்டும் மிஸ். நான் இருக்கேன்" என்றது என் வாய். அது எப்போதும் என்னைக் கேட்பதில்லை.

மதர் தலையாட்டினார். "கணக்கு மட்டும் சொல்லிக் குடுக்காதீங்க" என்றார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஐந்தாம் வகுப்பு அறை. நானும், வாட்ச்மேன் சம்சாரம் அமிர்தவல்லியும். பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர். ஆறரைக்கு மேல் இலக்கியா எங்களோடு வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அமிர்தவல்லி ஒரு பார்வை பார்த்தால் அடங்குகிறார்கள். நான் பேசினால் விளையாட்டு என்று நினைக்கிறார்கள். கமீய் காலையில் வேன் ஏறும்போதே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "அங்க என்னைக் கமீய்க் குட்டின்னு கூப்பிடக்கூடாது."

கூப்பிட்டுவிட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

இன்று துர்காவுக்கு வேலை சீக்கிரம் முடிந்திருக்கிறது. ஐந்தரைக்கே வாசலில் வந்து நின்றார். இலக்கியா நிமிர்ந்து பார்த்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"இரும்மா, இன்னும் முடிக்கல."

துர்கா சிரித்துக்கொண்டே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கால் மடங்கவில்லை, பிள்ளைகளுக்கான பெஞ்சு. பையை மடியில் வைத்தார், செருப்பைக் கழற்றினார், மேசையில் கையை மடித்துத் தலையைச் சாய்த்தார். அப்படியே தூங்கிவிட்டார்.

யாரும் சொல்லாமலே அறை அமைதியானது. அமிர்தவல்லி எழுந்துபோய் மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டிவிட்டு வந்தாள். இலக்கியாவுக்கு இன்னும் இரண்டு கணக்குகள் இருந்தன. வேகமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் குனிந்து அவள் காதருகே சொன்னேன்.

"மெதுவா எழுது."