நான்கு வரவு, நான்கு நாள் வருகையாக மாறிய விவரம்

அனுப்புநர்:
நூலக அறிவியல் முதுகலை மாணவி ஒருவரின் மாமனார்,
ஓய்வுபெற்ற லிஃப்ட் இயக்குநர்,
தபால் நிலையத்துக்கு எதிர்ச் சந்து, இரண்டாம் மாடி.

பெறுநர்:
உயர்திரு பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழக நிர்வாகக் கட்டிடம்,
மூன்றாம் மாடி (லிஃப்ட் பழுது).

பொருள்: எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி பெற்ற என் மருமகளுக்கு நான்கு மதிப்பலகு குறைவதாகச் சொல்லி நிறைவுச் சான்றிதழ் மறுக்கப்படுவதும், வரும் வெள்ளிக்கிழமைக்குள் அதை வழங்கக் கோருவதும் தொடர்பாக.

பார்வை: என்னுடைய முந்தைய மூன்று மனுக்கள். தங்கள் அலுவலகத்தின் பதில்: இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் முந்தைய மனுக்கள் நீளமாக இருந்ததால் யாரும் படிக்கவில்லை என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். ஆகவே இதைச் சுருக்கமாக எழுத முயல்கிறேன். சுருங்காவிட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல, விஷயம் அப்படி.

1. என் மருமகள் நகர நூலகத்தில் ஆறு வருடமாகத் தற்காலிக உதவியாளர். அவர் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்பே, புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பியதற்காக என்னிடம் அபராதம் வாங்கியவர். வந்த பிறகும் வாங்குகிறார். விதி என்றால் விதி என்று இருப்பவர். அப்படிப்பட்டவர் விதியை மீறிப் பட்டம் கேட்பார் என்று தாங்கள் நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

2. வேலை முடிந்த பிறகு மாலை வகுப்புகளில் படித்து, முதுகலைக்குரிய எல்லாத் தாள்களையும் எழுதித் தேறினார். பட்டத்துக்கு எண்பது மதிப்பலகு, அதாவது கிரெடிட், வேண்டும். தங்கள் கம்ப்யூட்டர் எழுபத்தாறுதான் என்கிறது. குறைவது, 'பழைய பத்திரிகைகளைப் பேணுதல்' என்ற விருப்பப் பாடத்துக்குரிய நான்கு. அந்தப் பாடத்தில் அவர் எண்பத்தொரு மதிப்பெண் வாங்கினார். மதிப்பெண் இருக்கிறது, தேர்ச்சி இருக்கிறது, மதிப்பலகு மட்டும் இல்லை. சோறு வெந்துவிட்டது, ஆனால் அடுப்பு பற்றவைக்கப்படவில்லை என்று தங்கள் கம்ப்யூட்டர் சொல்கிறது.

3. இது எப்படி நடந்தது என்பதைத் தங்கள் ஊழியர்களே எனக்கு விளக்கினார்கள். இப்போது மதிப்பலகு என்று வழங்குவதை முன்பு இந்தப் பல்கலைக்கழகம் 'வரவு' என்று எழுதி வந்தது. பிறகு சொல் மாற்றப்பட்டு, எல்லாத் துறைகளுக்கும் சுற்றறிக்கை போனது. மேற்படி விருப்பப் பாடத்தை நடத்தியது வரலாற்றுத் துறை. அவர்களுக்கு மட்டும் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை. காரணம், உறையில் 'வரலாற்றுத் துறை' என்று எழுதியிருந்தது; அவர்கள் கதவில் இன்னும் 'சரித்திரத் துறை' என்ற பழைய பலகைதான் தொங்குகிறது. கடிதம் கொண்டுபோனவர், அப்படி ஒரு துறை இந்தக் கட்டிடத்தில் இல்லை என்று திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த விவகாரத்தில் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தவர் அவர் ஒருவர்தான்.

ஆக, அவர்கள் பழைய வழக்கப்படியே என் மருமகளின் பெயருக்கு நேரே 'வரவு: 4' என்று எழுதி அனுப்பினார்கள். தங்கள் தேர்வுப் பிரிவில் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர், வரவு என்றால் வந்தது, வந்தது என்றால் வருகை என்று புரிந்துகொண்டு, வருகைக் கட்டத்தில் நான்கு நாள் என்று போட்டுவிட்டார். மதிப்பலகுக் கட்டம் காலி. கம்ப்யூட்டர் பார்த்தது. ஒரு பருவம் முழுவதிலும் நான்கே நாள் வந்தவருக்கு மதிப்பலகு கிடையாது என்று தீர்ப்பு எழுதியது. தமிழில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது அழகு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

4. தங்கள் கவனத்துக்கு ஒரு சிறு சிக்கலைப் பணிவுடன் கொண்டுவருகிறேன். அந்த ஆண்டு அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டவர் என் மருமகள் ஒருவர் மட்டுமே. வகுப்பில் அவரும் பேராசிரியரும்தான். அவர் நான்கு நாள்தான் வந்தார் என்றால், மீதி நாட்களில் பேராசிரியர் யாருக்குப் பாடம் நடத்தினார்? ஜன்னலுக்கா, நாற்காலிக்கா? நாற்காலிக்குத்தான் என்றால் அதற்காவது அந்த நான்கு மதிப்பலகைக் கொடுத்தீர்களா என்று அறிய விரும்புகிறேன். மேலும், நான்கே நாள் வந்து எண்பத்தொரு மதிப்பெண் வாங்கும் மாணவி ஒருவர் தங்களிடம் இருந்திருந்தால், சான்றிதழை மறுப்பதைவிட அவருக்குச் சிலை வைப்பதல்லவா பொருத்தம்?

5. இதைச் சொல்ல நான் முதல் முறை தேர்வுப் பிரிவுக்குப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாரு பெரியவரே?"

"மாமனார்."

"மாமனாருக்கெல்லாம் பதில் சொல்ல ரூல் இல்லைங்க. அந்தம்மாவே வரட்டும்."

மருமகள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். அதே ஜன்னல், அதே எழுத்தர். "ஏம்மா தனியா வந்து நிக்கிறீங்க? வீட்டுல விவரம் தெரிஞ்ச பெரியவங்க யாரும் இல்லையா?" என்று கேட்டாராம். மூன்றாம் முறை இருவரும் சேர்ந்து போனோம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஜன்னலுக்கு வரலாம் என்று கைகாட்டி ஒருவரை ஓரமாக நிற்கச் சொன்னார். யார் ஓரமாக நிற்பது என்பதை மட்டும் எங்கள் விருப்பத்துக்கு விட்டார். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி.

அடுத்து அவருடைய மேலதிகாரியான கண்காணிப்பாளரைப் பார்த்தேன். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தப்புதாங்க ஐயா. தப்புன்னு எனக்கே தெரியுது. ஆனா பருவம் முடிஞ்சு கணக்கைப் பூட்டியாச்சு. கம்ப்யூட்டர் விடமாட்டேங்குது" என்றார்.

"பூட்டுனது யாருப்பா?"

"அது வேற செக்‌ஷன்."

"அந்த செக்‌ஷன்ல போய்க் கேக்கட்டுமா?"

"கேக்கலாம். ஆனா அவங்க, நாங்க எழுதிக் குடுத்தாத்தான் திறப்போம்பாங்க."

"அப்ப எழுதிக் குடுங்களேன்."

"அவங்க திறந்தாத்தானே ஐயா நான் என்னன்னு பாத்து எழுத முடியும்?"

ஐயா, இதைக் கேலிக்காக நான் கூட்டி எழுதவில்லை. தேவைப்பட்டால் அந்த அறையில் அப்போது தேநீர் குடித்துக்கொண்டிருந்த மற்ற இருவரையும் விசாரிக்கலாம். அவர்களும் "தப்புதான், தப்புதான்" என்று தலையாட்டினார்கள். இந்தக் கட்டிடத்தில் நான் பார்த்த அனைவரும் ஒரே கருத்தில் இருக்கிறார்கள். இவ்வளவு ஒற்றுமையை வேறு எந்த அலுவலகத்திலும் நான் கண்டதில்லை. கையெழுத்துப் போடுவதற்குத்தான் ஆள் இல்லை.

6. பாடம் நடத்திய பேராசிரியர் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். விஷயம் கேள்விப்பட்டதும் தாமாகவே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மாணவி ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தார் என்றும், காய்ச்சலால் இரண்டு நாள் வராமல் போனது தாம்தான் என்றும், அந்த இரண்டு நாளும் மாணவி வந்து உட்கார்ந்து படித்துவிட்டுப் போனதாக அலுவலக உதவியாளர் தம்மிடம் சொன்னார் என்றும் அதில் எழுதியிருந்தார். ஓய்வுபெற்றவர் கையெழுத்து செல்லாது என்று தேர்வுப் பிரிவில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தாம் உயிரோடு இருப்பதாக அதே பேராசிரியர் வருடந்தோறும் வந்து போடும் கையெழுத்தை இதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஓய்வூதியப் பிரிவு ஏற்றுக்கொள்கிறது. உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அவர் கையெழுத்து செல்லும். அந்த உயிரை வைத்துக்கொண்டு அவர் என்ன வேலை பார்த்தார் என்பதற்குச் செல்லாது.

7. மாற்று வழி ஒன்றும் சொன்னார்கள். அந்தப் பாடத்தை மறுபடி படித்துவிடுங்கள் என்றார்கள். பேராசிரியர் ஓய்வுபெற்றதோடு அந்தப் பாடம் நீக்கப்பட்டுவிட்டது என்று சொன்னேன். அப்படியானால் அதற்கு ஈடான பாடம் ஒன்று இருக்கிறது, அதைப் படிக்கலாம் என்றார்கள். அந்தப் பாடத்தின் பெயர் 'நேர மேலாண்மை'. இரண்டு பருவம். ஒரு வருடம் ஆகும்.

பழைய பத்திரிகைகளைக் கரையான் தின்னாமல் காப்பதற்கும் நேர மேலாண்மைக்கும் என்ன ஈடு என்று கேட்டேன். இரண்டுக்கும் மதிப்பலகு நான்கு என்றார் கண்காணிப்பாளர். நேரத்தை எப்படிச் செலவிட வேண்டும் என்று இந்தப் பல்கலைக்கழகம் என் மருமகளுக்கு ஒரு வருடம் சொல்லிக்கொடுக்க ஆசைப்படுவதைப் புரிந்துகொள்கிறேன். முதல் வகுப்பைத் தேர்வுப் பிரிவில் வைத்துக்கொண்டால் இரு தரப்பாருக்கும் பயன்படும்.

8. அதற்கும் ஒத்துக்கொண்டு பதிவு செய்யப் போனார் மருமகள். அங்கே, எழுத வேண்டிய தாள் எதுவும் பாக்கி இல்லாததால் மாணவர் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டுவிட்டது என்றும், மாணவர் அல்லாதவர் பாடத்துக்குப் பதிய முடியாது என்றும் சொன்னார்கள். பல்கலைக்கழக நூலகம் அவருடைய அட்டையை வாங்கி வைத்துக்கொண்டது. அதே வாரம் முன்னாள் மாணவர் சங்கத்திலிருந்து, படிப்பை நல்லபடியாக முடித்ததற்கு வாழ்த்துச் சொல்லி, சந்தாவும் கேட்டுக் கடிதம் வந்தது. சந்தா கேட்கும்போது அவர் முடித்தவர். சான்றிதழ் கேட்கும்போது முடிக்காதவர்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். பெரிய கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டிக்கொண்டு, ஆள் ஏறாத நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து படித்ததுதான் என் படிப்பு. இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவரிடம் "நீங்கள் எந்த மாடியைச் சேர்ந்தவர் என்று முதலில் நிரூபியுங்கள்" என்று நாங்கள் கேட்டதில்லை. முதலில் கதவைத் திறப்போம்.

9. இவ்வளவு அவசரம் ஏன் என்றும் கேட்டார்கள். நகர நூலகத்தில் நிரந்தர நூலகர் பதவி ஒன்று காலியாகி, அதற்கு என் மருமகள் தேர்வு செய்யப்பட்டிருக்கிறார். முதுகலை நிறைவுச் சான்றிதழை வரும் வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பதவி பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போகும். நிரந்தர ஆள் வந்துவிட்டால் தற்காலிக உதவியாளர் தேவையில்லை என்பது அங்குள்ள விதி. ஆக, இருக்கிற வேலையும் போகும். போவதற்கு முன் புதியவருக்கு எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டுப் போகும்படியும் சொல்லியிருக்கிறார்கள். அவரும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். எனக்குத்தான் தலை ஆடவில்லை.

10. ஆகவே தங்களிடம் கேட்பது இரண்டில் ஒன்று.

(அ) 'வரவு' என்று எழுதியதும் 'மதிப்பலகு' என்று எழுதியதும் ஒன்றே என்று தாங்கள் ஒரு வரி எழுதி, பூட்டியவர் யாரோ அவரைத் திறக்கச் சொல்லி, நிறைவுச் சான்றிதழ் வழங்க உத்தரவிட வேண்டும்.

(ஆ) அது முடியாது என்றால், முடியாது என்பதை எழுத்தில் தர வேண்டும். வாசகத்தைத் தாங்கள் சிரமப்பட்டுத் தேட வேண்டாம் என்று நானே எழுதித் தருகிறேன்: "இம்மாணவி நான்கு நாள் மட்டுமே வகுப்புக்கு வந்தார். மீதிப் பருவம் முழுவதும் பேராசிரியர் காலி அறைக்குப் பாடம் நடத்தினார். அதற்காக இப்பல்கலைக்கழகம் அவருக்குச் சம்பளம் வழங்கியது." இதன் கீழே தங்கள் கையெழுத்தும் முத்திரையும் இருந்தால் போதும். அதை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஐயா, இந்த மனு எழுதுவது என் மருமகளுக்குத் தெரியாது. பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். "வேண்டாம் மாமா, விட்டுருங்க. அவங்களுக்குக் கோபம் வந்தா இன்னும் இழுத்தடிப்பாங்க" என்று நேற்றே சொல்லிவிட்டார். சொல்லும்போது கையில் ஒரு துணிப்பை இருந்தது. நூலகத்தில் அவருடைய மேசைக்கு அடியில் இத்தனை வருடமும் கிடந்த செருப்பு, தண்ணீர் பாட்டில், முதுகுக்கு வைத்துக்கொள்ளும் சிறு தலையணை எல்லாம் அதில் இருந்தன. வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். என் மகன் அந்தப் பையை வாங்கிக் கீழே வைத்தான்.

பை இன்னும் எங்கள் வீட்டு வாசற்கதவின் பக்கத்தில்தான் இருக்கிறது. யாரும் பிரித்து வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை அவர் சான்றிதழை எடுத்துக்கொண்டு முன்னால் நடக்க, அந்தப் பையை நான் தூக்கிக்கொண்டு பின்னால் போய், திரும்பவும் அந்த மேசைக்கு அடியிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். தங்கள் கையெழுத்து ஒன்று கிடைத்தால் அது நடக்கும். போட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: தேர்வுப் பிரிவுக்கு வெளியே, வராந்தா பெஞ்சு
நாள்: செவ்வாய்க்கிழமை, அலுவலகம் மூடுவதற்கு முன்

இப்படிக்கு,
பதில் வரும் வரை இதே பெஞ்சில் இருக்கும்,
மாணவியின் மாமனார்
(கையொப்பம்)