பேசினால் ஏறும் எண்

ஜூன் 3

கணினியின் விசிறி இன்றும் ஓயவில்லை. நான் வேலை செய்யாமல் சும்மா புலம்பிக்கொண்டிருக்கும்போதும் அதற்கு மூச்சிரைக்கிறது. பழுது பார்ப்பவர் ஒரு சிறு மென்பொருளை இறக்கிக்கொள்ளச் சொன்னார். அது, கணினியின் மூளையான பிராசஸர் எத்தனை வாட் மின்சாரம் தின்கிறது என்று திரையின் மூலையில் காட்டிக்கொண்டே இருக்கிறது. "வேலை இல்லாதப்போ பத்து, பன்னெண்டுதான் இருக்கணும்மா. ஏறினா சொல்லுங்க."

அண்ணன் தந்த கணினி. கணவர் வீட்டை விட்டு நான் இந்த ஒற்றை அறைக்கு வந்த வாரமே, மெய்ப்புத் திருத்தும் வேலைக்கு வேண்டுமே என்று கொண்டுவந்து, எல்லாம் பொருத்திக் கொடுத்தான். அதுவரை "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று எனக்குப் புத்தி சொன்னவன். மனம் மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஜூன் 4

பன்னிரண்டு. நல்ல பிள்ளை.

ஜூன் 6

தோழியோடு போனில் பேசும்போது எண் நாற்பதுக்குப் போனது. பேச்சு முடிந்ததும் இறங்கிவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கும்.

ஜூன் 7

இல்லை. காக்கை இல்லை.

காலையில் திரைமுன் உட்கார்ந்து கை தட்டினேன் — அசையவில்லை. நாற்காலியை இழுத்தேன் — அசையவில்லை. "யாரு?" என்றேன். முப்பத்தெட்டு. வாயை மூடினேன். மெல்ல மெல்ல இறங்கிப் பன்னிரண்டில் நின்றது, காத்திருப்பதுபோல. சோப்பு உறையில் இருந்ததை உரக்க வாசித்தேன். ஏறியது. கிசுகிசுத்தேன். அதற்கும் ஏறியது.

சோப்பு உறையைக்கூடவா கேட்பாய்?

ஜூன் 9

தெருமுனைக்குப் போய் நின்று பழுது பார்ப்பவரை அழைத்தேன்.

"மைக் வழியா கேக்கறதை எழுத்தா மாத்தி யாருக்கோ அனுப்பற புரோகிராமா இருக்கும்மா. பேச்சு வந்தாத்தான் அதுக்கு வேலை, அதான் ஏறுது. யாரு செட் பண்ணிக் குடுத்தாங்க?"

"எங்கண்ணன்."

"வயரைப் பிடுங்கிடுங்கம்மா."

பிடுங்கவில்லை. கூடப் பிறந்தவன். நிச்சயமாகத் தெரியாமல் எப்படி?

ஜூன் 10

அணைத்துவைத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு, வெற்று அறையிடம் சொன்னேன்: "அடுத்த மாசம் அவர்கிட்டயே திரும்பிப் போயிடலாம்னு இருக்கேன். யார்கிட்டயும் சொல்லிடாதே."

எண் ஆசையாக ஏறியது.

ஜூன் 11

அண்ணி கூப்பிட்டாள். "அதென்ன அடுத்த மாசம்? நல்ல காரியத்தை ஆறப்போடாதே. உங்கண்ணன் இப்பத்தான் நிம்மதியா சாப்பிட்டார்."

நான் ஒரு உயிரிடமும் சொல்லவில்லை. ஒரு உயிரிடமும்.

பாவி, இந்த ரூம்ல தனியா உக்காந்து எவ்வளவு புலம்பியிருக்கேன்! அத்தனையுமா படிச்சே?

ஜூன் 12

மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அறைக்குள் சிரித்துச் சிரித்துப் பேசுகிறேன், அடுத்த மாதம் என்ன புடவை கட்டுவது என்றுகூட. போகப்போகும் ஊரின் பெயரை மட்டும் உதட்டில்கூட வரவிடவில்லை.

ஜூன் 14

ஒரே ஒரு பை. கணினியை அணைக்கவில்லை. கதவைச் சாத்தும்போது அங்கே யாரும் இல்லை என்று தோன்றவில்லை.

ஜூன் 17

தோழியின் வீடு. ஜன்னல் திறந்திருக்கிறது. அம்மா போனில் வந்தாள்.

"உங்கண்ணன் தவிச்சுப்போயிட்டான். உன் ரூம்ல சத்தமே இல்லையாம். உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அவன் வேற ஊர்ல இருக்கான். என் ரூம்ல சத்தம் இல்லைன்னு அவனுக்கு எப்படிம்மா தெரியும்?"

அம்மா பக்கம் கதவு திறக்கும் ஓசை. செருப்புச் சத்தம். பிறகு போனில் காற்றின் இரைச்சல். தெருவுக்கே வந்துவிட்டாள் போலிருக்கிறது.

"எங்கே இருக்கேன்னு என்கிட்டகூடச் சொல்லாதே," என்றாள், குரலைத் தாழ்த்தி. "எனக்குன்னு நம்ம வீட்டுலயும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வச்சிருக்கான்."