குறட்டையை நிறுத்திய மலையும் ஊர்வலம் போன படகும்

அனுப்புநர்:
எலியாசர் பவோலே,
ஜாதிக்காய்த் தோட்டக்காரர், ஓய்வுபெற்ற தேவாலயப் பாடகர் (ஓய்வு கொடுத்தவர்கள் ஊரார்),
லெஹிபாத்து குடியிருப்பு, எரிமலை அடிவாரம்.

பெறுநர்:
வட்ட அதிகாரி அவர்கள்,
தீவு வட்ட அலுவலகம்.

பொருள்: மலை வாயை மூடிக்கொண்டது – எங்கள் மீட்புப் படகைத் திருப்பி அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இரவும் பகலும் உறுமி, ஏழு கடலுக்கு அப்பாலுள்ள மீன்களின் தூக்கத்தையும் கெடுத்துவந்த எங்கள் எரிமலை, சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தது முதல் சத்தமின்றி இருக்கிறது. "மலை குறட்டையை நிறுத்திவிட்டது" என்று எங்கள் ஊர்த்தலைவர் தங்களுக்கு எழுதினார். அதை நற்செய்தியாகக் கொண்ட தங்கள் அலுவலகம், மறுநாளே படகைத் துறைமுக விழா ஊர்வலத்துக்கு இழுத்துச் சென்றுவிட்டது.

2. ஐயா, குறட்டை விடுகிறவன் தூங்குகிறான், நிறுத்தினால் விழித்துவிட்டான். தலைவர் எழுதியதன் பொருள் இதுவே.

3. என் பாட்டனார் காலத்தில் மலை இப்படி அடங்கியபின்தான் உச்சி பிளந்து கீழ்த்தோட்டம் முழுவதும் தீக்குழம்பில் போயிற்று. என் திருமணத்தன்றும் அடங்கியது. என் பாட்டு முதன்முறையாகத் தெளிவாகக் கேட்கிறது என்று சிலர் மகிழ்ந்தனர், பலர் வருந்தினர். பன்றிக்கறி பரிமாறுமுன் கோயில்மணி அளவுக் கற்கள் பொழிந்தன. சுடுமேகம் ஓடைவழியே இறங்கிப் பாலத்தையும், விருந்தாளிகளை அழைத்துவர அதில் நடந்துகொண்டிருந்த என் அண்ணன் யோனாசையும் கொண்டுபோயிற்று. படகில் ஏறியவர்கள் பிழைத்தோம். இந்தப் பத்தியில் நான் பெரிதாக்கியது கற்களின் அளவை மட்டுமே.

4. பாலம் மீண்டும் கட்டப்படவில்லை. கடல் ஒன்றே எங்கள் வழி. எங்கள் ஓடங்களில் இருவர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆளாகக் கடல் ஏறிக்கொள்கிறது.

5. அப்படியோர் ஓடத்தில் வந்து, தங்கள் எழுத்தர் திருமதி ஒல்டாவிடம் முறையிட்டேன். "போன வருஷம் நீங்க பிடிச்ச சுறா சர்ச் கட்டடத்தைவிட நீளம்னீங்க மாமா. இப்ப மலைக்கு வாயடைச்சுப் போச்சா? விழா முடியட்டும், வீட்டுக்குப் போங்க" என்று சிரித்தார். "சுறா என் கை நீளந்தாம்மா. மலை நெசமாவே ஊமையாயிடுச்சு, வந்து கேட்டுப் பாரு" என்றேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்.

6. எங்கள் கிணற்றில் முட்டை வேகிறது என்று எழுதப் போனேன், எழுதவில்லை. இன்று காலை வாளியைத் தொட்ட என் மனைவி கையை இழுத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

ஆகவே, படகை அலங்காரத்தோடேயே உடனே அனுப்பிவைக்கக் கோருகிறேன். காகிதப் பூக்களை நாங்களே பிய்த்துக்கொள்கிறோம். பதில் கடிதம் வேண்டாம். ஊரார் அனைவரும் மூட்டைகளுடன் கடற்கரையில் இருக்கிறோம். மலையின் காதில் விழுந்துவிடக்கூடாதென்று எல்லோரும் தணிந்த குரலில் பேசுகிறோம். நானும்கூட.

இடம்: லெஹிபாத்து கடற்கரை
நாள்: அக்டோபர் 17, வியாழன்

இப்படிக்கு,
படகை எதிர்நோக்கும்,
எலியாசர் பவோலே